புயலுக்கும் புழுக்கத்துக்கும் தாங்குகிற மரம்: சென்னைக் கடற்கரைப் பக்கம் வீட்டு மரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று, எங்கள் கொட்டிவாக்கம் வீட்டு வாசலில் நின்ற மே ஃபிளவர் மரம் காலை முழுவதும் தாக்குப்பிடித்தது. மதியத்துக்கு மேல் காற்று திசை மாறி அடிக்க ஆரம்பித்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, காம்பவுண்டுச் சுவரை உடைத்துக்கொண்டு மரம் தெருவில் கிடந்தது. கிளை முறியவில்லை, தண்டும் ஒடியவில்லை. ஒரு பெரிய தட்டு மாதிரி மண்ணைத் தூக்கிக்கொண்டு வேரோடு பெயர்ந்திருந்தது.

மறுநாள் மழை விட்டதும் அந்த வேர்த்தட்டைக் கிட்டே போய்ப் பார்த்தேன். முப்பதடி மரத்துக்கு வேர் இரண்டடி ஆழம்கூட இறங்கவில்லை. ஒரு பக்கம் சிமென்ட் தளத்தில் முட்டித் திரும்பிய வேர்கள், வந்த வழியே வந்து தண்டைப் பாம்பு மாதிரி சுற்றியிருந்தன. அதே தெருவில் நாலு வீடு தள்ளி நின்ற புங்கமரம் ஒரு இலை மிச்சமில்லாமல் உருவப்பட்டு நின்றது. நின்றது என்பதுதான் விஷயம். சில வாரங்களில் துளிர்த்தும் விட்டது.

அந்தக் குழியில் அடுத்து எதை வைப்பது என்று முடிவெடுக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அப்போது பார்த்தது, கேட்டது, சொதப்பியது எல்லாம் சேர்ந்துதான் இந்த வழிகாட்டி. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் வரை கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். கோவைக்கும் சேலத்துக்கும் கணக்கு வேறு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நர்சரியில் நிற்கும்போது மனசு பூவைத்தான் பார்க்கும். நாம் நினைக்க வேண்டியது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கிற அந்த ஒரு நாளை.

முதல் படி: காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம்

மரத்தின் பெயரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். மொட்டைமாடிக்குப் போங்கள்.

வேலூரில் 41 டிகிரி அடிக்கும்போது ஒரு வேப்பமர நிழலில் ஒதுங்கினால் உயிர் வந்துவிடும். கடற்கரையில் 36 டிகிரிதான் இருக்கும், ஆனால் நிழலில் நின்றாலும் சட்டை முதுகோடு ஒட்டும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. காற்று ஓடினால்தான் காயும். ஆகவே இங்கே மரம் வெயிலை மறைக்க வேண்டும், காற்றை மறைக்கக் கூடாது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கோடையில் கடற்காற்று நண்பகலையொட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும். அந்தப் பக்கம் அடியிலிருந்தே அடர்ந்து வளர்கிற மரத்தை வைத்தால், கடவுள் கொடுத்த ஏசியை நாமே அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுவோம். கிழக்கிலும் தென்கிழக்கிலும் வைக்கிற மரத்துக்கு எட்டடி உயரம் வரைக்கும் தண்டு மட்டும் இருக்க வேண்டும், மேலே குடை விரிய வேண்டும். ஜன்னலுக்குள் காற்று வரும், வாசலில் நிழலும் விழும்.

அடர்த்தியான மரத்துக்கு இடம் மேற்கு. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு முறையும் ஆகஸ்ட் நடுவில் ஒரு முறையும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நமக்குச் சற்று வடக்கே போய்விடும். அதனால் அக்னி நட்சத்திரத்தின் உச்சி வெயில் தெற்குச் சுவரைத் தொடுவதே இல்லை. அது நேராக மொட்டைமாடியில் இறங்கும். (அதற்குச் சின்ன வீட்டு மரம் எதுவும் உதவாது, வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் வழி.) மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வந்து சுவரைச் சுட வைத்து, ராத்திரி பதினோரு மணி வரை படுக்கையறையைப் புழுக்கும் வெயில் மேற்கு வெயில். அங்கேதான் புங்கமும் மகிழமும் வேலை செய்யும்.

இரண்டாம் படி: மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள்

சென்னை என்று பொதுவாகச் சொன்னாலும் பத்து கிலோமீட்டருக்குள் மூன்று மண் வந்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மணல். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் அதே வகை என்பதால் வந்த பெயர் அது. கல்லறைக்கு உகந்த கல்லில் மரம் வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இவை தவிர நான்காவதாக ஒரு மண் உண்டு. புது லேஅவுட்டுகளில் பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய கட்டட இடிபாடு. மேலே அரையடி செம்மண் பரப்பியிருப்பார்கள், அதற்குக் கீழே செங்கல், டைல்ஸ் துண்டு, காய்ந்த சிமென்ட் மூட்டை. ஒரு கடப்பாரையை நாலு இடத்தில் இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் மரம் வைக்கிற இடத்தில் மட்டுமாவது நாலடி அகலத்துக்கு அதை வாரி வெளியே எடுக்காமல் செடி வாங்கப் போகாதீர்கள்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்பி, இரண்டாவது முறை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். சில நிமிஷங்களில் வடிந்தால் மணல்: தண்ணீரும் சத்தும் நிற்காது. இரண்டு மூன்று மணி நேரம் எடுத்தால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேம்பு, சரக்கொன்றை, முருங்கை மூன்றையும் மறந்துவிடுங்கள், வேர் அழுகிவிடும்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பதும் முக்கியம். கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் கரிக்கும். மழைக்காலத்தில் சோதித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று நினைப்பதுதான் நாங்கள் செய்த தப்பு. அந்த நம்பிக்கையில் வைத்த ஒட்டு மா இரண்டாவது கோடையில் இலை ஓரமெல்லாம் கருகிப் போனது. மாமரத்துக்கு உப்பு ஆகாது. புன்னைக்கும் பூவரசுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாம் படி: மேலே பார், கீழே பார்

மேலே மின்கம்பி போகிறதா? போனால் இருபதடிக்கு மேல் போகாத மரம் மட்டும். கம்பிக்கு அடியில் பெரிய மரத்தை வைத்தால் வருஷா வருஷம் வந்து நடுவில் வெட்டி ‘வி’ எழுத்து மாதிரி ஆக்கிவிடுவார்கள், புயலில் அந்த ‘வி’தான் பிளக்கும்.

கீழே கழிவுநீர்த் தொட்டி, சம்ப், குடிநீர்க் குழாய் எங்கே போகின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வேர் சுவரை இடித்துக்கொண்டு போவதில்லை. ஏற்கெனவே கசிகிற இடத்தைத் தேடிப் போகும். பழைய ஓட்டுக் குழாய் இருந்தால் மரத்துக்கு முன்னால் குழாயை மாற்றுங்கள்.

தூரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: இருபது இருபத்தைந்தடி வளர்கிற மரத்துக்குச் சுவரிலிருந்து ஏழெட்டு அடி. நாற்பதடி வரை போகிறதற்குப் பதினைந்து அடி. அதற்கு மேல் போகிற நாவல், நீர்மருது போன்றவற்றுக்கு இருபத்தைந்து அடி. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் வீடு கட்டியபின் நாற்பதடி மரத்துக்கு ஒரே ஒரு மூலைதான் மிஞ்சும். அரை கிரவுண்டில் அதுவும் இல்லை. சின்ன மரம் ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பொருந்தாத மூன்று மரங்களைப் பத்து வருஷம் கழித்து வெட்டுவதைவிட ஒன்று நன்றாக நிற்கட்டும்.

ஆல், அரசு, இச்சி மூன்றும் வீட்டு மனைக்கு வேண்டாம். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரம் நானூற்றைம்பது வருஷம் பழையது என்பார்கள். அதன் தாய்த்தண்டே 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள்தான் இன்றைக்கு மரத்தைத் தாங்குகின்றன. அந்த அளவு இடம் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

நான்காம் படி: மரத்தைத் தேர்ந்தெடுப்பது

எந்த மரம் என்று நிபுணரைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்துப் பழைய கோயிலுக்குப் போய்த் தலமரம் என்ன என்று பாருங்கள் என்பேன். பக்திக்காகச் சொல்லவில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை. திருவொற்றியூர் தியாகராசருக்கு மகிழம். திருவான்மியூர் மருந்தீசுவரருக்கு வன்னி. மூன்று கோயிலும் கடலுக்குப் பக்கத்தில். உப்புக்காற்றிலும் மணலிலும் புயலிலும் தலைமுறை தலைமுறையாக நிற்கிற மரத்தைத்தானே அந்தக் காலத்தில் சாமியோடு சேர்த்திருப்பார்கள்.

*மணலும் உப்புக்காற்றும் உள்ள இடம்*

புன்னை. எங்கள் குழியில் கடைசியில் வைத்தது இதைத்தான். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்: தோல் செருப்பு மாதிரி தடிப்பு, மேலே மெழுகுப் பளபளப்பு, நரம்புகள் சீப்புப் பல் போல நெருக்கமாக ஒரே வரிசையில். உப்புத் துளி பட்டால் வழிந்துவிடும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், மெல்லிய வாசனை. குண்டு குண்டாகக் காய்க்கும். ஒரு காலத்தில் அந்த எண்ணெயில் விளக்கு எரித்தார்கள். குறை ஒன்றுதான், நிதானமாக வளரும். முதல் மூன்று வருஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அவசரக்காரர்களுக்கான மரம் இல்லை.

பூவரசு அதற்கு நேர் எதிர். தென்மாவட்டத்தில் வேலிக்கு நட்ட போத்தே, அதாவது வெட்டிய கிளைத் துண்டே, மரமாகிவிடும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை கிராமத்தில் இல்லை. மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்து விழும். ஆனால் வீட்டருகே வைப்பதாக இருந்தால் போத்து நடாதீர்கள், விதையிலிருந்து வந்த கன்றையே கேளுங்கள். போத்துக்கு ஆணிவேர் இருக்காது, பக்கவேர்தான். காற்று அடிக்கிற ஊரில் அந்த வித்தியாசம் பெரிது.

சின்ன இடத்துக்குப் பன்னீர் மரம். திருச்செந்தூரில் இலையில் மடித்து விபூதி கொடுப்பார்களே, அந்தப் பன்னீர் இலை. கடற்கரை மணலிலேயே பிறந்து வளர்கிற மரம், அகலமான இலை, இரவில் மணக்கும் வெள்ளைப் பூ. இருபதடிக்குள் அடக்கி வைக்கலாம். சென்னை நர்சரிகளில் கேட்டால் பாதிப் பேர் பன்னீர் ரோஜாவைக் காட்டுவார்கள், பொறுமையாக விளக்குங்கள்.

வன்னிக்கு வேர் ஆழமாக இறங்கும். நிழல் சல்லடை போட்ட மாதிரி லேசாக விழும், அதனால் கீழே வேறு செடியும் வளரும். முள் உண்டு, குழந்தைகள் ஓடுகிற வாசலில் வேண்டாம். தென்னையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். வைக்கலாம், ஆனால் கூரைக்கும் கார் நிறுத்துகிற இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். காய் விழுவது ஒரு பக்கம். 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது கடற்கரையிலும் வந்துவிட்டது. ஈ விடுகிற பிசுபிசுப்பில் கரும்பூஞ்சை படர்ந்து கார் கண்ணாடியெல்லாம் மை பூசின மாதிரி ஆகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததையும் மறக்க வேண்டாம். பனை அப்படி எளிதில் சாயாது. நிழல் தராது, எல்லைக்கு வைக்கலாம். வெட்டுவது பற்றி மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள், 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

*தண்ணீர் தேங்குகிற களிமண்*

வேளச்சேரி, மடிப்பாக்கம்காரர்களே, உங்களுக்கு ஏரிக்கரை மரங்கள் இருக்கின்றன. நீர்மருது, நாவல் இரண்டும் பெரிய இடத்துக்கு. நாவல் பழம் தரையை ஊதாவாக்கும், சலவைக்கொடி கட்டுகிற இடத்தில் வேண்டாம். நடுத்தர இடத்துக்குப் பூமருது: மே மாதத்தில் ஊதாப்பூ கொத்துக் கொத்தாக, தண்ணீரில் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்தது நீர்க்கடம்பு. சிவப்புப் பூச்சரம் நீளமாகத் தொங்கும், ராத்திரி பூத்துக் காலையில் தரையில் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும். மாவிலங்கமும் அப்படித்தான், குளக்கரை மரம், கோடையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும்.

*நல்ல மண், நடுத்தர இடம்*

மகிழத்தைவிட ஒழுங்கான மரத்தை நான் பார்த்ததில்லை. அடர்த்தி, எப்போதும் பச்சை, வேர் சுவர்ப்பக்கம் வம்புக்குப் போகாது. பூ நட்சத்திரம் மாதிரி சின்னது, காய்ந்தபின்னும் மணக்கும். பாட்டி பீரோவில் புடவைக்கு நடுவே போட்டு வைப்பாள். மேற்குச் சுவருக்கு இது முதல் தேர்வு. புன்னை மாதிரியே மெதுவாகத்தான் வரும்.

சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் புங்கம். நாலைந்து வருஷத்தில் கீழே நாற்காலி போடலாம். வசந்தத்தில் இலை உதிர்த்து, ஏப்ரலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது கண்ணாடி மாதிரி புதுத்தளிர் விடும். இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும்; அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மருந்தடிக்காதீர்கள்.

வேம்பு பற்றி இப்போது நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சில வருஷங்களாக மழைக்காலத்தையொட்டி நுனிக்கிளைகள் தீய்ந்த மாதிரி காய்கின்றன. பெரிய மரங்கள் பெரும்பாலும் கோடைக்குள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன, அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். புதிதாக வைப்பதென்றால் தண்ணீர் வடிகிற மேட்டில் மட்டும் வையுங்கள்.

பூ வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால் சரக்கொன்றை. சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கும் அழகுக்கு மே ஃபிளவர் கிட்டே வராது. மரமும் முப்பதடிக்குள் நிற்கும், கிளை இடைவெளி விட்டு வளர்வதால் கடற்காற்று ஊடுருவிப் போகும், ஆகவே தென்கிழக்கு மூலைக்குத் தோது. பச்சைப் புழுக்கள் இலையைத் தின்றுவிட்டால் அலற வேண்டாம், அவை கொஞ்ச நாளில் எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்துவிடும். இன்னும் சிறிய இடத்துக்கு வெட்பாலை, மந்தாரை, வில்வம், பவளமல்லி. நாலில் வெட்பாலையைத்தான் சொல்வேன். மல்லி மாதிரி வெள்ளைப் பூ, ஒல்லியான உடல்.

நர்சரியில் ‘அசோகா’ என்று உயரமாக ஒல்லியாக நிற்பதைக் காட்டுவார்கள். அது நெட்டிலிங்கம். நிழலும் தராது, வரிசையாக வைத்தால் காற்றையும் மறைக்கும். உண்மையான அசோகம் குட்டையானது, ஆரஞ்சுப் பூ கிளையோடும் தண்டோடும் ஒட்டிப் பூக்கும். அதற்கு அரை நிழலும் நல்ல தண்ணீரும் வேண்டும்.

அப்புறம், கொஞ்சம் பொறுமையும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. இந்தக் கடற்கரையின் சொந்தக் காடு எப்படி இருந்தது என்று பார்க்கக் கிண்டி தேசியப் பூங்காவுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். இலை உதிர்க்காத, குட்டையான, கெட்டி மரங்கள். உலக்கைப்பாலை, வீரை, நீலமாகப் பூக்கிற காயா. ஆரோவில் பக்கத்து நர்சரிகளில் இவற்றின் கன்றுகள் கிடைக்கும். 1968இல் பொட்டலாக இருந்த அந்தச் செம்மண் மேட்டைக் காடாக்க இந்த இனங்களைத் தேடித்தேடி வளர்த்தார்கள். வளர்ச்சி ஆமை வேகம். ஆனால் புயலுக்கென்றே செய்த மரங்கள்.

எவை வேண்டாம்

மே ஃபிளவர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து. மஞ்சள் பூவும் துருப்பிடித்த மாதிரி காயுமாகச் சாலையோரம் நிற்கிற இயல்வாகையும் நடப்பட்டு வந்ததுதான். சீக்கிரம் வளரும், சீக்கிரம் நிழல் தரும் என்று நகரமெங்கும் வைத்தார்கள். வர்தாவுக்கு மறுநாள் தெருவில் கிடந்தவற்றில் இவைதான் அதிகம் கண்ணில் பட்டன. விரிந்த குடை, லேசான கட்டை, மேலோடு ஓடுகிற வேர்: பாய்மரத்தை ஈர மணலில் நட்டுவைத்த கதை. மரமல்லியும் வாசனைக்குச் சரி, கிளை பட்டென்று முறியும். கோனோகார்பஸ் வேலிக்கு அழகாக இருக்கிறதென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2025இல் தமிழக அரசே அதை நடத் தடை விதித்துவிட்டது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். வர்தாவில் வேம்பும் புங்கமும்கூட விழுந்தன. போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் கேபிளுக்காகவோ மழைநீர்க் கால்வாய்க்காகவோ வேரை வெட்டியிருப்பார்கள், அல்லது தண்டை ஒட்டிச் சிமென்ட் பூசியிருப்பார்கள். நாட்டுமரம் என்பதற்காக அது காற்றில் தொங்கி நிற்காது. எங்கள் மே ஃபிளவருக்கும் நாங்கள் போட்ட சிமென்ட் தளம்தான் பாதி எமன்.

ஐந்தாம் படி: கன்று வாங்குவது

இருப்பதிலேயே உயரமான கன்றை எடுக்காதீர்கள். எட்டடிக் கன்று ஒன்று சின்னக் கவரில் நிற்கிறதென்றால் அது வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கிறது, வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச்சுற்றிப் பின்னியிருக்கும். எங்கள் பழைய மரத்தின் தண்டைச் சுற்றிய வேர் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று நான்கடி உயரம், அடியில் கட்டைவிரல் தடிமன், ஒரே நேரான நடுத்தண்டு, இது போதும்.

தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மண்ணோடு சேர்ந்து ஆடினால் சரி. தண்டு மட்டும் தனியாக ஆடினால் போன வாரம்தான் கவர் மாற்றியிருக்கிறார்கள். அடியில் வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிடுங்கித் தரும்போது அந்த வேர் அறுந்துவிடும். புங்கம், நாவல், நீர்மருது, வேம்பு மாதிரியானவை வனத்துறை நாற்றங்கால்களில் மலிவாகக் கிடைக்கும், அங்கே முதலில் விசாரியுங்கள்.

ஆறாம் படி: நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு. கடற்கரையில் மரக்கன்றுக்கு ஆவணிக் கடைசியும் புரட்டாசியும். சென்னைக்கு வருஷத்தில் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதற்கு முன் ஒரு மாதம் கன்று ஊன்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்குகிற இடமென்றால் மட்டும் தை வரை காத்திருங்கள், இல்லையென்றால் புதுவேர் மூழ்கிச் செத்துவிடும்.

மணலில் மூன்றடிக்கு மூன்றடி குழி, எடுத்த மணலோடு பாதிக்குப் பாதி செம்மண்ணும் மக்கிய தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும். களிமண்ணில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கெட்டிக் களிமண்ணில் ஆழமாகத் தோண்டி நல்ல மண் போட்டால் அது தொட்டி மாதிரி ஆகிச் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். அங்கே குழி ஆழமில்லாமல் அகலமாக இருக்கட்டும், தரைக்கு ஒரு அடி மேலே மேடு கட்டி அதில் வையுங்கள்.

பிளாஸ்டிக் கவரைக் கிழித்து முழுக்க எடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், கவரோடு புதைத்த மரத்தைப் பெயர்த்தெடுத்திருக்கிறேன். சுற்றியிருக்கும் வேரை நாலு பக்கம் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறிவிடுங்கள், வெளியே திரும்பி வளரும். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் நிலத்திலும். தண்டு புதையக் கூடாது.

முட்டுக்கு இரண்டு கம்பு, கன்றுக்கு இரு பக்கமும். பழைய வேட்டிக் கிழிசலால் தொளதொளவென்று கட்டுங்கள். கன்று ஆட வேண்டும், ஆடினால்தான் அடித்தண்டு தடிக்கும், வேர் பிடிக்கும். ஒரு வருஷத்தில் கம்பை எடுத்துவிடுங்கள். காய்ந்த இலையால் மூடாக்குப் போடலாம், ஆனால் தண்டைச் சுற்றி நாலு விரல்கடை சும்மா விடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் தண்டை ஒட்டிக் குப்பை கிடந்தால் பட்டை அழுகும், கரையான் வரும்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைப் போலக் கெட்ட பழக்கம் இல்லை. வேர் மேலேயே படுத்துவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு குடம், மெதுவாக. இரண்டாவது வருஷம் வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாவது கோடைக்குப் பிறகு தானே பார்த்துக்கொள்ளும்.

ஏழாம் படி: மழைக்கு முன் கத்திரிப்பு

தெருவில் நிற்கும் மரம் நீங்கள் வைத்ததாக இருந்தாலும் உங்களுடையது இல்லை, மாநகராட்சியில் கேட்காமல் தொடாதீர்கள். உள்ளே இருப்பதை ஆகஸ்ட், செப்டம்பரில் பார்த்துவிட வேண்டும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்நோக்கி வளர்கிற கிளை மட்டும் எடுத்தால் போதும். காற்று மரத்துக்குள் புகுந்து வெளியே போக வழி கிடைக்கும். பெரிய கிளையென்றால் முதலில் அடியில் கால்பங்கு அறுங்கள், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து விழவிடுங்கள், கடைசியில் மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்று உப்பியிருக்கும் கழுத்து மடிப்புக்கு வெளியே சுத்தமாக எடுங்கள். நேரடியாக மேலிருந்து ஒரே வெட்டு வெட்டினால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். புண்ணில் சாணியோ பெயின்ட்டோ பூச வேண்டாம்.

மொட்டையடிப்பது மட்டும் கூடவே கூடாது. உச்சியை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து பத்துக் குச்சிகள் சரசரவென்று கிளம்பும், எல்லாம் பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அடுத்த புயலில் முறிவது அவைதான்.

எங்கள் புன்னையை வைத்தது 2017 செப்டம்பரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அது பத்தடி உயரம். இரண்டு நாள் மழையில் ஆடிக்கொண்டே இருந்தது, ஒரு சின்னக் கிளை போனது. போன செப்டம்பரில் வழக்கமாக வருகிற அண்ணன் ஏணியோடு வந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு, “உச்சிய மட்டும் கொஞ்சம் எடுத்துடலாமா சார்? மாடிலேர்ந்து கடல் தெரியும்” என்றார்.

“வேணாம்ண்ணே, காய்ஞ்சத மட்டும் எடுங்க.”

“எடுக்க ஒண்ணும் பெருசா இல்லியே” என்று இரண்டு குச்சிகளைக் கீழே போட்டார். பாதிக் கூலி வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.